ஒரே களத்தில் முட்டையிடும் இருவகைக் காட் மீன்கள்

கேள்வி: சிறுவயதில் எங்கள் வீட்டில் காட் மீன் ஈரல் எண்ணெய் கொடுப்பார்கள். நார்வேக் கடலில் அந்த மீன் இரண்டு வகையாக இருக்கிறது என்றும், இரண்டும் ஒரே இனம்தான் என்றும் அண்மையில் படித்தேன். கடலில் வேலி ஏதும் இல்லாதபோது, ஒரே இனத்து மீன்கள் மரபணுவில் எப்படி வேறுபட்டு நிற்க முடிகிறது?
- வாசகி ஒருவர், தூத்துக்குடி

பதில்: கடல் உயிரியலாளர்களையே நெடுங்காலம் குழப்பிய கேள்வி இது. நன்கு வளர்ந்த பெண் காட் மீன் ஒரு பருவத்தில் பல இலட்சம் முட்டைகளை இடுகிறது. அவை நீரோட்டம் இழுத்த பக்கமெல்லாம் மிதந்து செல்வதால், பிறக்கும் குஞ்சுகள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து ஒரே பெருங்கூட்டமாகிவிடும் என்றே எவருக்கும் தோன்றும்.

ஆனால் நார்வேயின் வடகரையில் நடப்பது வேறு. ஒருவகை மீன் பாரன்ட்ஸ் கடலின் குளிர்நீரில் இரை தேடி வளர்ந்து, ஆண்டுதோறும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான மாதங்களில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீந்தி லோஃபோட்டன் தீவுகளை அடைந்து முட்டையிடுகிறது. நார்வே மீனவர்கள் அதை ‘ஸ்க்ரை’ என்கிறார்கள்; அலைந்து திரிவது என்னும் பொருளுடைய பழஞ்சொல்லிலிருந்து வந்த பெயர் அது. மற்றொன்று கடலோரக் காட். ஃபியோர்டு எனப்படும், மலைகளுக்கிடையே நீண்டு நுழையும் கடற்கழிகளிலும் கரையோரத்திலும் வாழ்ந்து, தொலைதூரம் போகாமல் அங்கேயே முட்டையிடுவது. லோஃபோட்டனில் இரண்டும் ஒரே பருவத்தில், ஏறத்தாழ ஒரே இடத்தில் கூடுகின்றன.

கத்தாளை மீனின் தலையை அரிந்து கழுவும்போது கையில் அகப்படும் வெள்ளைக் கல்லை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதுபோன்ற செவிக்கல் காட் மீனுக்கும் உண்டு. அதை உடைத்து உருப்பெருக்கியின் கீழ் வைத்தால், மரத்தின் ஆண்டு வளையங்களைப் போலவே வளர்ச்சி வளையங்கள் தெரியும். கடலோர மீனில் உள்ளிருக்கும் முதல் வளையம் சிறியதாகவும் வட்டமாகவும் இருக்கிறது. ஸ்க்ரையில் அது பெரியதாக, வேறு வடிவில் அமைகிறது. இந்த வேறுபாட்டை 1933-இல் குன்னர் ரோலெஃப்சென் என்ற நார்வே ஆய்வாளர் எழுதிவைத்தார். டி.என்.ஏ.வின் அமைப்பே தெரியாத காலத்தில், ஒரு கல்லின் வளையத்தை மட்டும் கொண்டு இரு கூட்டங்களைப் பிரித்துக் காட்டியது பெரிய சாதனை என்றே நான் கருதுகிறேன். எனினும் அந்த வளையம் பிறப்பால் வந்ததா, வளர்ந்த நீரின் தன்மையால் வந்ததா என்ற ஐயத்தை அந்தக் கல்லால் தீர்க்க முடியவில்லை.

அதற்கு விடை மரபணுவில் கிடைத்தது. இரு கூட்டங்களின் மரபணுத்தொகுதியையும் ஒப்பிட்டால், பெரும்பகுதியில் வேறுபாடு மிகமிகக் குறைவு; முதல் குரோமோசோமின் ஒரு நீண்ட பகுதியில் மட்டும் அது மலைபோல் உயர்ந்து நிற்கிறது. பூமாலையின் நடுவில் ஒரு துண்டை அறுத்து, தலைகீழாகத் திருப்பி, மீண்டும் அதே இடத்தில் கட்டினால் எப்படியோ அப்படி, அந்தப் பகுதி ஸ்க்ரையில் திரும்பி அமைந்திருக்கிறது. அடுத்தடுத்து இரண்டு திருப்பங்கள் இருப்பதாகவும், அவற்றுள் 700-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் அடங்குவதாகவும் 2016-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

இந்தத் திருப்பத்தின் விளைவுதான் உங்கள் கேள்விக்கு நேரான விடை. விந்தும் முட்டையும் உருவாகும்போது, தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்த குரோமோசோம்கள் அருகருகே நின்று துண்டுகளை மாற்றிக்கொள்வது வழக்கம். ஒன்று நேராகவும் மற்றொன்று திரும்பியும் இருந்தால் அந்த இடத்தில் அவை பொருந்துவதில்லை; எனவே அங்கே பரிமாற்றம் ஏறக்குறைய நின்றுபோகிறது. இரு கூட்டத்து மீன்களும் எப்போதாவது இணைந்தால் ஏனைய மரபணுக்கள் கலந்துவிடுகின்றன. இந்த 700 மட்டும் பங்கு பிரிக்கப்படாத கூட்டுச்சொத்தாகத் தலைமுறை தலைமுறையாக மொத்தமாகவே கைமாறுகின்றன. மிதக்க உதவும் காற்றுப்பையின் அழுத்தம், இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்க உதவும் ஹீம் என்னும் பொருளின் உற்பத்தி, தசையின் அமைப்பு ஆகியவற்றோடு தொடர்புடைய மரபணுக்கள் அதற்குள் இருப்பது கவனிக்கத்தக்கது. ஆழ்கடலில் இறங்கி ஏறி நெடுந்தொலைவு நீந்தும் மீனுக்குத் தேவையானவை இவையே. நீரில் இல்லாத வேலி, குரோமோசோமுக்குள் இருக்கிறது.

இந்த அடையாளம் எவ்வளவு உறுதியானது என்பதற்கு ஒரு சான்று. இன்றைய வட ஜெர்மனியில் இருந்த ஹெடெபி என்னும் வைக்கிங் காலத் துறைமுக நகரில், 800-க்கும் 1066-க்கும் இடைப்பட்ட காலத்துக் காட் எலும்புகள் கிடைத்தன. 2017-இல் வெளியான ஆய்வில் அவற்றின் டி.என்.ஏ.வைப் படித்தபோது, அவற்றுள் பல ஆர்க்டிக் நார்வேயிலிருந்து கொண்டுவரப்பட்ட மீன்கள் என்பது தெரியவந்தது. அந்த மீன்களின் ஊரைச் சொல்ல உதவியவற்றுள் இந்தத் திருப்பமும் ஒன்று.

கேள்வி: பிடித்து உண்ணும் மீனில் இந்த வேறுபாட்டை ஆராய்வதால் மீனவருக்கு என்ன பயன்?
- வாசகர் ஒருவர், நாகர்கோவில்

பதில்: ஸ்க்ரை பெருங்கூட்டம், கடலோரக் காட் அதைவிட மிகச் சிறியது, நலிந்தும் வருவது. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதினால், பெரியதன் நிறைவு சிறியதன் தேய்வை மறைத்துவிடும். பிடி குறையவில்லை என்று எண்ணிக்கொண்டிருக்கும்போதே ஒரு ஃபியோர்டின் மீன் அற்றுப்போகலாம். அப்படி அழிந்த கூட்டத்தின் இடத்தை, வேறு வாழ்க்கைக்கென்று அமைந்த ஸ்க்ரை வந்து நிரப்பும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஆகவே லோஃபோட்டனில் ஹென்னிங்ஸ்வேர் ஊரை அடுத்த கடற்பகுதியில், 2009 முதல் மரபணுவைப் பார்த்தே மீன்பிடிப்பை ஒழுங்குபடுத்துகிறார்கள். பருவத்தில் அங்கே பிடித்த மீன்களின் மாதிரிகள் பெர்கன் நகரிலுள்ள கடல் ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போகின்றன. அங்கே, திரும்பிய பகுதிக்குள் அமைந்திருக்கும் பான்-1 என்ற ஒரே மரபணுவைச் சோதிக்கிறார்கள். முடிவு 24 மணி நேரத்துக்குள் கிடைத்துவிடுகிறது. சில கடலோர மீன்களும் இந்த மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்றை ஸ்க்ரையின் வடிவத்தில் கொண்டிருப்பதால், தனியொரு மீனைக் கையில் எடுத்து இன்னதென்று அடித்துச் சொல்ல இந்தச் சோதனை போதாது. ஆனால் பல மீன்களைச் சேர்த்துப் பார்க்கையில் இரு கூட்டத்தின் விகிதம் நன்றாகவே தெரிந்துவிடும். கடலோரக் காட் குறைவாக இருந்தால் அந்தப் பகுதி படகுகளுக்குத் திறக்கப்படுகிறது, மிகுதியாக இருந்தால் மூடப்படுகிறது.