அலைக்கு அஞ்சும் சிறுவனும் பீட்டரின் முயலும்

கேள்வி: சென்ற ஆண்டு திருவொற்றியூர்க் கடற்கரையில் என் எட்டு வயது மகனை ஓர் அலை புரட்டிப் போட்டுவிட்டது. அன்றிலிருந்து கடல் பக்கமே வர மறுக்கிறான். குளிக்கும்போது தலையில் தண்ணீர் ஊற்றினாலும் அலறுகிறான். கல்லூரியில் உளவியல் படிக்கும் என் மூத்த மகள், இதற்கு உளப்பகுப்பாய்வு ஒரு காரணமும் நடத்தையியல் வேறொரு காரணமும் சொல்லும் என்கிறாள். எதை நம்புவது?
- வாசகி, காசிமேடு

பதில்: சகோதரி, ஒவ்வொரு பார்வையும் மனத்திடம் கேட்கும் கேள்வி வேறு என்பதால்தான் விடையும் வேறாகிறது. ஃப்ராய்டு தொடங்கிய உளப்பகுப்பாய்வு, அச்சத்துக்கு அடியில், நாமே அறியாத நனவிலி மனத்தில் புதைந்து கிடப்பதைத் தேடும். உங்கள் மகனின் அச்சம் எங்கே, எப்போது பிடித்தது என்பது கண்ணெதிரே தெரிவதால், அங்கிருந்து தொடங்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

இங்கே கைகொடுப்பது, அச்சமும் அனுபவத்தால் கற்றுக்கொண்டதே, அதை மாற்றவும் கற்கலாம் என்று பார்க்கும் நடத்தையியல். 1920-இல் வாட்சன், ரேய்னர் என்ற உளவியலாளர்கள், வெள்ளை எலியைக் கண்டு அஞ்சாத ஒரு கைக்குழந்தை அதைத் தொடப்போகும் போதெல்லாம் இரும்புத் தண்டைச் சுத்தியலால் அடித்துப் பேரொலி எழுப்பி, எலியைக் கண்டாலே அழும்படி செய்தார்கள். அந்த அச்சத்தைப் போக்காமலே விட்டது மன்னிக்க முடியாத செயல். நான்கு ஆண்டுகள் கழித்து மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலுக்கு அஞ்சிய பீட்டர் என்ற சிறுவனைப் பற்றி எழுதினார். அவன் விரும்பியதைத் தின்றுகொண்டிருக்கும்போது, கூண்டில் இருந்த முயலைத் தொலைவில் வைத்து, அவன் கலங்காத அளவுக்கு மட்டுமே சிறிது சிறிதாக நெருக்கிக்கொண்டுவர, கடைசியில் அவன் தன் விரல்களை முயல் கொறிக்கவும் விட்டான்.

நீங்களும் அப்படியே செய்யலாம். வீட்டில் முதலில் கால், பிறகு தோள், பல நாள் கழித்துத் தலை என்று, சொம்பை அவன் கையிலேயே கொடுத்து ஊற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். கடற்கரையில், அவனுக்கு நடுக்கம் வராத தொலைவில் உட்கார்ந்து சுண்டல் வாங்கிக் கொடுங்கள்; அடுத்த முறை சில அடி முன்னே போகலாம். "ஆம்பளைப் பிள்ளை பயப்படலாமா" என்று யாரும் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. ஒரே இழுப்பில் அத்தனை நாள் உழைப்பும் வீணாகும்.

எண்ணங்களை ஆராயும் அறிதல்சார் உளவியலிலிருந்தும் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று நினைக்கிறான் என அவனையே கேளுங்கள். கடலில் பயப்பட ஒன்றுமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். காசிமேட்டில் கட்டுமரம் ஏறியவர் எவரும் அப்படிச் சொல்லமாட்டார். குளியலறைத் தண்ணீர் வேறு, அலை வேறு என்று பிரித்துக் காட்டுங்கள்.

சில வாரங்களில் மாற்றம் தெரியாவிட்டாலோ, தூக்கம் கெட்டாலோ, ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணிலும் பேசலாம்.