ஜெனரேற்றர் மாமா பதில்கள்: ராட்டினம் பற்றிய கடிதங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி ராட்டினத்தைப் பற்றியவை. முள்ளியவளைப் பக்கம் கார்னிவல் வந்து போன சூடு ஒருபுறம், வெளிநாட்டுச் சொந்தங்கள் அனுப்பும் வீடியோ மறுபுறம். 2011 இலிருந்து மூன்று வருடம் நான் ஒரு கார்னிவல்காரரோடு ஜெனரேற்றர் பார்த்துக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்ததை ஆரோ போட்டுக் கொடுத்துவிட்டார்கள். இப்போது பரந்தனில் தண்ணீர்ப் பம்ப் திருத்துகிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

*

கேள்வி: மாமா, ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மாவின் மகன், கனடா வொண்டர்லாண்டில் புதிதாக வந்த ரோலர் கோஸ்ரர் வீடியோ அனுப்பினான். சந்தோசப்படுவான் என்று பார்த்தால் ஒரே திட்டு. இவ்வளவு காசு கொட்டிக் கட்டியதற்கு ஏன் இந்த ஆத்திரம்?
(உயர்தர மாணவன், கிளிநொச்சி)

பதில்: மருமகனே, அவன் சொல்வது 2025 இல் வந்த அல்பன்ஃபியூரியைத்தான் என்று நினைக்கிறேன். அந்தப் பூங்காவின் நடுவில் அருவி கொட்டுகிற ஒரு செயற்கை மலை இருக்கிறது. 1981 இல் பூங்கா திறந்த நாளிலிருந்து நிற்கிறது. புது வண்டி அந்த மலைக்குள் புகுந்து உச்சியால் பாய்ந்து வெளியே வரும். வழியில் ஒன்பது தடவை ஆளைத் தலைகீழாகப் புரட்டும்.

எனக்கும் ஸ்காபரோவில் ஒரு அக்கா இருக்கிறா. அவ போய் இறங்கிய முதல் கோடையில் அனுப்பிய படம் அந்த அருவிக்கு முன்னால் எடுத்தது. ஆரோ கொடுத்த பெரிய ஜாக்கெற், காலில் பாட்டா செருப்பு, கையில் என் மூத்த மருமகன். அந்தப் படத்தை 2009 வரை வீட்டுச் சுவரில் வைத்திருந்தோம். போன கோடையில் போனில் அழாத குறையாகச் சொன்னா, “அந்த மலைக்குள்ளால இரும்பை விட்டுட்டாங்களடா.” அவவின் இளைய மகன் அதே நாளில் நாலு தரம் ஏறிவிட்டு, ஐந்தாவது தரம் வரிசை நீளம் என்று கோபித்துக்கொண்டு நின்றானாம். ஒரே வீட்டில் இரண்டு கட்சி. இதில் ஆரைப் பிழை சொல்வது?

எங்கள் பக்கத்தில் மட்டும் என்ன வாழ்கிறது? இந்த வருடக் கார்னிவலில் கப்பல் ஊஞ்சலை எடுத்துவிட்டுக் காற்றடித்த பலூன் கோட்டை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். புதுச் சாமான், நல்ல விலை கொடுத்து வாங்கியது. முள்ளியவளைப் பெடியள் வாசலில் நின்று “கப்பல் எங்க அண்ணை?” என்று கேட்டுவிட்டு ரிக்கற் எடுக்காமலே திரும்பிப் போனார்கள். உங்கள் பெரியம்மா மகனைக் கொஞ்ச நாள் திட்ட விடுங்கள். அடுத்த வருடமும் போவான்.

*

கேள்வி: அமெரிக்காவில் டிஸ்னி பூங்காவில் ஓடிய ஆற்றையே மூடிவிட்டார்களாமே? ரசிகர்கள் கவலைப்படுகிறார்களாம். செயற்கை ஆறுதானே, இதில் என்ன?
(புதுக்குடியிருப்பு வாசகர்)

பதில்: குளத்தடியில் குடியிருந்துகொண்டு கேட்கிற கேள்வியா ஐயா இது? இரணைமடுக் குளமும்தான் மனிதர் கட்டியது. நாளைக்கு அதைத் தூர்த்துக் கார்ப் பந்தயத் திடல் போட விடுவீர்களா?

நடந்தது இதுதான். புளோரிடாவில் மஜிக் கிங்டம் என்ற பூங்கா 1971 இல் திறந்தது. அதில் ஒரு ஆறு, நடுவே ஒரு தீவு, சுற்றிவர ஒரு பழங்காலத்து நீராவிக் கப்பல். 2025 ஜூலை 6 அவற்றின் கடைசி நாள். அந்த இடத்தில் கார்களைப் பாத்திரமாகக் கொண்ட கார்ட்டூன் கதையை வைத்துப் புதுப் பகுதி கட்டுகிறார்கள்.

கொம்பனியின் கணக்கும் விளங்காமல் இல்லை. ஆறு பெரிய நிலத்தைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறது, கப்பலில் ஏறுகிற கூட்டம் குறைவு. அதே நிலத்தில் புது வண்டி ஓடினால் மணித்தியாலத்துக்கு எத்தனையோ மடங்கு ஆளை ஏற்றலாம், பக்கத்தில் பொம்மைக் கடையும் போடலாம். இன்னொரு அவசரமும் இருக்கிறது. அதே புளோரிடாவில் ஒர்லாண்டோ நகரத்தில் போட்டிக் கொம்பனியான யுனிவேர்சல்காரர் 2025 மே 22 இல் எபிக் யுனிவேர்ஸ் என்று முழுப் புதுப் பூங்காவே திறந்துவிட்டார்கள். அயலுக்குள் புதுத் தேர் இழுத்தால் எங்கள் கோயில் தர்மகர்த்தா சும்மா இருப்பாரா?

ஆனால் ரசிகர் சொல்லும் ஒரு விசயத்தை நான் முழுமனதாக ஒத்துக்கொள்வேன். அந்த வெயிலில் நாள் முழுக்க நடந்து களைத்தவர்கள் தண்ணீர்க் கரையில், மர நிழலில் சும்மா இருக்க ஒரு இடம் அது. சும்மா இருப்பதற்கு மீற்றர் பூட்டிக் கணக்கெடுக்க முடியாது, அதனால் எந்தக் கொம்பனிக் கொப்பியிலும் அது வரவாக விழாது. நான் திரிந்த கார்னிவலிலும் அதிகம் சனம் நின்றது ராட்டினத்துக்குக் கீழே இல்லை, மைதான ஓரத்து வேம்பின் கீழே. முதலாளி அந்த இடத்தில் கடலைக் கடை போட்டார். சனம் அரை மணித்தியாலம் முன்னதாகவே வீட்டுக்குப் போகத் தொடங்கியது. ஏன் என்று அவருக்குக் கடைசி வரை விளங்கவில்லை.

*

கேள்வி: டிஸ்னி 60 பில்லியன் டொலர் போடப்போகிறதாம். உண்மையா, விளம்பரமா?
(வவுனியா வாசகர்)

பதில்: இரண்டும். 2023 செப்டெம்பரில் அறிவித்தார்கள், ஏறக்குறைய பத்து வருடத்துக்கு அந்தத் தொகை. அதற்குள் உல்லாசக் கப்பல்களும் அடங்கும், எல்லாம் ராட்டினம் இல்லை. அறிவித்த காசு வேறு, பூட்டிய நட்டு வேறு. திறந்த பிறகு எழுதுங்கள், கதைப்போம்.

*

கேள்வி: அண்ணை, கார்னிவலில் ராட்டினம் ஏறவேண்டும் என்று என் மகள் நிலத்தில் விழுந்து அழுதாள். பயத்தில் ஏற்றவில்லை. பாதுகாப்பா இல்லையா என்று எங்களைப் போன்றவர்கள் எப்படிப் பார்ப்பது?
(ஒரு தாய், முள்ளியவளை)

பதில்: தங்கச்சி, ஏற்றாமல் விட்டது பிழையில்லை. அடுத்த முறை ரிக்கற் எடுக்கமுதல் ஐந்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள்.

முதலில் கீழே பாருங்கள், மேலே அல்ல. ராட்டினத்தின் கால்கள் எதன்மேல் நிற்கின்றன? அகலமான மரக்கட்டை அடுக்கி, மட்டம் பார்த்து வைத்திருக்கவேண்டும். முதல் நாள் மழை பெய்த மண்ணில் கட்டை ஒருபக்கம் புதைந்திருந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். பிறகு இருக்கை தொங்கும் பூட்டைப் பாருங்கள். அச்சுக் கம்பி கழராமல் இருக்க வளைத்துவிட்ட சிறிய பின் ஒன்று இருக்கும். அதற்குப் பதிலாகக் கட்டுக் கம்பி சுற்றியிருந்தால் அந்தக் கடைக்காரர் மற்ற இடத்திலும் அப்படித்தான் செய்திருப்பார்.

ஓட்டுகிறவனின் கையையும் கவனியுங்கள். ஒவ்வொரு இருக்கையின் தடுப்பையும் பிடித்து ஆட்டிப் பார்க்கிறானா, போனில் கதைத்துக்கொண்டு கையசைக்கிறானா? ஒரு பக்கத்தை நிரப்பினால் எதிர்ப்பக்கத்தையும் நிரப்பவேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் பாரமான பக்கத்துக்கு ஓடும். நல்ல ஓட்டுநன் ஆளைப் பார்த்தே பாரத்தைக் கணித்து, “அம்மா நீங்கள் அடுத்ததில ஏறுங்கோ” என்பான். கோபிக்காதீர்கள், உங்கள் உயிருக்குத்தான் சொல்கிறான். சோளகக் காற்று தூக்கியடிக்கிற பின்னேரத்தில் ஏறவே வேண்டாம். மின்கம்பி சேற்றுத் தண்ணீருக்குள்ளால் போனால் அந்தப் பக்கமே போகவேண்டாம்.

பெரிய நாட்டில் இந்தப் பயம் இல்லை என்று நினைக்காதீர்கள். அங்கே ரோலர் கோஸ்ரர் பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்திருப்பார்கள். ஒரு துண்டில் ஒரு வண்டிதான் நிற்கலாம். முன்வண்டி விலகாவிட்டால் கணினி பின்வண்டியை மறித்துவிடும். இங்கிலாந்தில் அல்ரன் ரவர்ஸ் பூங்காவில் 2015 ஜூன் 2 இல் கணினி அப்படி மறித்தது. முன்னால் ஒரு வெற்று வண்டி நின்றதைக் காணாத ஊழியர்கள், கணினிதான் பிழை என்று நினைத்து வண்டியை விட்டார்கள். மோதியதில் இரண்டு இளம்பெண்களுக்குக் கால் போனது. நிறுவனத்துக்கு 50 இலட்சம் பவுண் தண்டம். இயந்திரம் “நில்” என்று சொன்னால் நிற்கவேண்டும். நான் இதை எழுதி என் பட்டறைச் சுவரிலும் ஒட்டியிருக்கிறேன்.

*

கேள்வி: நீங்கள் ஏறியிருக்கிறீர்களா?
(பெயர் போடாதவர்)

பதில்: ஒரு தரம். சத்தி எடுத்தேன்.

*

கேள்வி: ராட்டினம் நடுவில் நின்று நீங்கள் மாட்டிய கதை ஒன்று இருக்கிறதாமே?
(அதே பெயர் போடாதவர் என்று சந்தேகம்)

பதில்: ஒரு இரவு டீசல் பில்ரர் அடைத்து ஜெனரேற்றர் நின்றுவிட்டது. முழு இருட்டு, மேலே பதினெட்டுப் பேர். பிழை என்னுடையது, அந்தப் பில்ரரைக் காலையிலேயே மாற்றியிருக்கவேண்டும். பெடியள் ஆறு பேர் சக்கரத்தைக் கையால் தள்ளி, இந்தப் பக்கம் ஒருவர், எதிர்ப்பக்கம் ஒருவர் என்று பாரம் பார்த்துப் பார்த்து இறக்கினோம். கடைசியாக உச்சியிலிருந்து ஒரு ஆச்சி வந்தா. தேவாரம் பாடிக்கொண்டே இறங்கினா. காலில் விழுவோம் என்று நான் கிட்டப் போனால், “தம்பி, ஆறு சுத்து எண்டுதானே காசு வாங்கினனீங்கள்? நாலுதான் வந்தது” என்றா. லைற் வந்த பிறகு மிச்ச இரண்டையும் சுற்றிவிட்டுத்தான் போனா.

*

கேள்வி: வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர் சிலர் சேர்ந்து வன்னியில் ஒரு பெரிய பொழுதுபோக்குப் பூங்கா போடலாமா என்று யோசிக்கிறோம். தம்பி, உங்கள் கருத்து?
(விசுவமடுவைச் சேர்ந்த ஒரு பெரியவர், இப்போது சுவிஸில்)

பதில்: ஐயா, ஆசை நல்லது. கணக்கைக் கேளுங்கள். 24 பேர் ஏறும் ராட்டினம் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை புறப்பட்டால் மணித்தியாலத்துக்கு 480 பேரை ஏற்றும். அப்படிப் பத்து ராட்டினம் வாங்கினால் அவ்வளவு சனம் தினமும் வேண்டும். 2012 கணக்கெடுப்பில் கிளிநொச்சி மாவட்டம் முழுவதும் 113,510 பேர், முல்லைத்தீவு 92,238. சனி, ஞாயிறு, பள்ளிக்கூட விடுமுறை, திருவிழா விட்டால் மிச்ச நாளில் பூங்காவில் மயில்தான் உலாவும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதுவும் இல்லை. சென்னைக்குப் பக்கத்தில் திருப்போரூரில் 2025 டிசம்பரில் வொண்டர்லா என்ற பூங்கா திறந்தது, 611 கோடி இந்திய ரூபா செலவில். அதற்குப் பின்னால் ஒரு மாநகரமே இருக்கிறது.

பாரிஸ் கதையையும் பாருங்கள். 1992 ஏப்ரலில் அங்கே டிஸ்னி திறந்தபோது பூங்காவுக்குள் வைன் விற்கவில்லை. பிரெஞ்சுக்காரர் மத்தியானச் சாப்பாட்டில் வைன் இல்லாமல் இருப்பார்களா? வந்த சனம் எதிர்பார்த்ததிலும் குறைவு, கடன் மலை மாதிரி. வைன் விடயத்தில் அடுத்த வருடமே இறங்கி வந்தார்கள். எங்கள் ஆட்கள் சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டுதான் வருவார்கள். வாசலில் பையைத் திறந்து பார்சலைப் பறிக்கிற பூங்கா என்றால் என் காசு ஒரு சதமும் கேட்காதீர்கள்.

போடுவதென்றால் கழிவறை, குடிதண்ணீர், மரம் இந்த மூன்றிலிருந்து தொடங்குங்கள். வால்ட் டிஸ்னியே 1955 ஜூலை 17 இல் முதல் பூங்காவைத் திறந்தபோது தண்ணீரில் கோட்டை விட்டவர். குழாய் வேலைக்காரரின் வேலைநிறுத்தத்தால் கழிவறையா குடிநீர்க் குழாயா என்று வந்தது. கழிவறையைத் தேர்ந்தார். வெயிலில் வந்த சனம், சோடா விற்கத்தான் குழாயைப் பூட்டிவிட்டான் என்று திட்டியது. நிலம் எடுத்தவுடன் மருதும் வேம்பும் நடுங்கள். ராட்டினம் வாங்கப் பத்து வருடம் பொறுங்கள். வாங்கும்போது அதன் விலையோடு பெயரிங், பெல்ற், சம்பளம் எல்லாம் சேர்த்து ஐந்து வருடத்துக்குத் தனியாக எடுத்து வையுங்கள். பெயர்ப்பலகையில் பெயர் வரும் என்றால் ராட்டினத்துக்குக் காசு தர ஆள் வரும். கிறீசுக்குக் காசு தர ஒருவரும் வரமாட்டார்கள்.

*

கேள்வி: அமெரிக்காவில் ஒரு நீர்ச்சறுக்கு ராட்டினத்தை மூடும்போது, ரசிகர்கள் அதில் ஓடிய தண்ணீரைப் போத்தலில் பிடித்துக்கொண்டு போனார்களாம். சிலர் அதை விலைக்கும் போட்டார்களாம். இது பைத்தியம்தானே?
(ஆசிரியை, மாங்குளம்)

பதில்: நடந்தது உண்மை ரீச்சர். 2023 ஜனவரியில், மேலே சொன்ன அதே புளோரிடா மஜிக் கிங்டம் பூங்காவில். அந்த ராட்டினத்தின் பழைய கதை கறுப்பின மக்களைக் காட்டிய விதம் சரியில்லை என்று நெடுநாள் குறை இருந்தது. கதையை மாற்றி 2024 ஜூனில் திரும்பத் திறந்தார்கள். மாற்றியது சரி என்றுதான் நான் நினைக்கிறேன். விலைக்குப் போட்டவர்களை விடுங்கள், அது வியாபாரம்.

ஆனால் வீட்டில் வைத்திருப்பவர்களைப் பைத்தியம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. என் பட்டறை மேசையில் ஒரு பிஸ்கற் ரின் இருக்கிறது. அதற்குள் பழைய நட்டுகளோடு ஒரு திறப்பும் கிடக்கிறது, தருமபுரத்தில் நாங்கள் விட்டு வந்த வீட்டுத் திறப்பு. கதவும் இல்லை, பூட்டும் இல்லை. பெடியன் ஒருவன் நட்டு தேடும்போது இது எதற்கு என்று கேட்டான். தெரியாது என்றேன்.

அவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்லலாம். தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். மூடியை மெழுகு வைத்து அடைக்கட்டும்.