எலிக்கு ஆறிய புண் எனக்கு ஆறுமா?

கேள்வி: வயிற்றுப் புண்ணுக்கு மணத்தக்காளி நல்லது என்று எலிகளிடம் சோதித்து நிரூபித்துவிட்டார்களாமே? மாத்திரையை நிறுத்திவிட்டு அதற்கே மாறிவிடலாமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: சோதித்தது உண்மைதான். மணத்தக்காளிப் பழச்சாறு கொடுத்த எலிகளுக்குப் புண்ணும் குறைந்தது, அமிலச் சுரப்பும் குறைந்தது என்று சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-லேயே எழுதியிருக்கிறார்கள். ஆனால் இந்த மாதிரிச் சோதனைகள் எப்படி நடக்கின்றன என்பதையும் பாருங்கள். எலியைப் பட்டினி போட்டு, முதலில் சாற்றைக் கொடுத்துவிட்டு, அப்புறம் சுத்த ஆல்கஹாலோ இண்டோமெதசின் என்ற வலி மருந்தோ கொடுப்பார்கள், இல்லையென்றால் இரைப்பையின் கீழ்வாயை நூலால் கட்டி அமிலத்தைத் தேங்க வைப்பார்கள். சில மணி நேரத்தில் எலியைக் கொன்று, இரைப்பையை வெட்டி விரித்து அலசி, சிவந்த கோடாகக் கிடக்கும் புண்களை லென்ஸில் பார்த்து எண்ணி மதிப்பெண் போடுவார்கள். பெரும்பாலும் இது மழைக்கு முன்பே குடை பிடிக்கிற கதை. நீங்கள் ஏற்கெனவே நனைந்தவர். (வந்த புண்ணை ஆற்றிப் பார்க்கும் சோதனையும் உண்டு, அந்த ஆய்விலும் செய்தார்கள், அதுவும் எலியில்தான்.)

அளவும் இடிக்கிறது. எலிக்கு ஒரு கிலோ எடைக்கு 400 மில்லிகிராம் என்றால், 60 கிலோ ஆளுக்கு (கிலோவுக்கு எலியின் அளவில் ஆறில் ஒரு பங்கே மனிதருக்குச் சமம் என்ற வழக்கமான கணக்கில்) தினமும் சுமார் 4 கிராம் வரும். அது பழமல்ல, மெத்தனால் என்ற ரசாயனத்தில் வடித்துச் சுண்ட வைத்த சாறு. வற்றல் குழம்பில் அது எங்கே கிடைக்கும்? அதோடு புளியும் மிளகாயும் வேறு!

எல்லாவற்றையும் விட, நமக்கு வரும் வயிற்றுப் புண்ணுக்குப் பெரும்பாலும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியோ, மூட்டுவலிக்கு நாமே கடையில் வாங்கிப் போடும் மாத்திரையோதான் காரணம். அந்தக் கிருமி இருக்கிறதா என்று பார்த்தார்களா? இருந்தால் ஆன்டிபயாடிக்கும் அமிலம் குறைக்கும் மருந்தும் சேர்த்து, வழக்கமாக 14 நாள் கொடுத்து ஒழிப்பார்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். மலம் தார் போலக் கறுத்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். கீரையைத் தேங்காய்ப்பால் விட்டுத் தண்ணிச்சாறாகத் தாராளமாகச் சாப்பிடலாம், பச்சைக் காயை மட்டும் பச்சையாக மெல்லாதீர்கள், அதில் சோலனின் என்ற நஞ்சு உண்டு.

கேள்வி: அப்படியானால் எலியைத் தாண்டி மனிதர்களிடம் தேறிய மூலிகையே கிடையாதா?
- வாசகர், தென்காசி

பதில்: அதிமதுரம் இருக்கிறதே! அதிலிருந்து செய்த கார்பெனாக்சலோன் என்ற மருந்தை 1962-ல் பிரிட்டனில் நோயாளிகளிடமே முறையாகச் சோதித்தார்கள், இரைப்பைப் புண் நன்றாகவே ஆறியது. ஆனால் உடம்பில் நீர் கோத்து, ரத்த அழுத்தம் ஏறி, பொட்டாசியம் இறங்கியது. இந்தத் தொல்லை இல்லாத, அமிலம் குறைக்கும் சிமெடிடின் என்ற மருந்து 1970-களில் வந்ததும் அது ஓரங்கட்டப்பட்டது. அதிமதுரப் பொடியிலும் அதே சங்கதிதான் என்பதால், பிரஷர் மாத்திரை போடுகிறவர்கள் தினமும் அதைச் சாப்பிடாமல் இருப்பது நல்லது.