சராசரி ஏறினால் வளர்ச்சியா?

கேள்வி: எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புக் கணக்குச் சராசரி சென்ற ஆண்டு 58, இந்த ஆண்டு 64. மாணவர்கள் முன்னேறிவிட்டார்கள் என்று சொல்லலாமா?

பதில்: சொல்ல முடியாது. போன ஆண்டு எழுதியவர்கள் வேறு, இவர்கள் வேறு. ஒரே மாணவரின் ஆண்டுத் தொடக்க மதிப்பெண்ணையும் இறுதி மதிப்பெண்ணையும் பெயர்வாரியாக இணைத்துப் பாருங்கள். இரண்டில் ஒன்றை எழுதாதவர்களை விட்டுவிடலாம். ஆனால் எத்தனை பேர் என்று குறித்து வையுங்கள்.

இரண்டு தாள்களும் ஒரே கடினத்தில் அமைவது அரிது. அதனால் 40 கேள்விகளில் 10 அல்லது 12-ஐ இரண்டிலும் பொதுவாக வையுங்கள். இவற்றை இடையில் வகுப்பில் போட்டுக் காட்டினால் எல்லாம் வீண்.

பலரும் சறுக்குவது அடுத்த இடத்தில்தான். 20 எடுத்தவர் 35-க்குப் போவார், 92 எடுத்தவர் 93-இல் நிற்பார். மேலே ஏற இடம் குறைவு. முதல் தேர்வில் தற்செயலாகச் சறுக்கியவரோ மறுமுறை தானாகவே ஏறுவார். ஆகவே, ஏறக்குறைய ஒரே மதிப்பெண்ணில் தொடங்கியவர்களோடு மட்டும் ஒப்பிடுங்கள். 15 பேர் உள்ள பிரிவில் இருவர் காய்ச்சலோடு எழுதினாலே சராசரி ஆடிவிடும். மூன்று ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். இதை வைத்து ஆசிரியர்களுக்குத் தரவரிசை போடுவது அவசரபுத்தி. எந்தப் பாடப்பகுதியில் வளர்ச்சி நின்றது, பின்னமா விகிதமா என்று கேள்விவாரியாகப் பிரித்தால், கூடுதல் வகுப்பு எதற்கு என்பது தெரிந்துவிடும்.