கம்பள வடிவங்களை வைத்து நவீன ஓவியம் வரைந்தால் அது நகலா?

நகல் இல்லை. நீங்களும் எதையோ வரைந்து காட்டி, "இது வெறும் டிசைன்தானே" என்று யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டு வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அது நடந்தது.

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அர்டபில் கம்பளம் இருக்கிறது. ஈரானில் 1539-40இல் நெய்து முடித்தது. பத்தரை மீட்டர் நீளம். சாயம் வெளுத்துவிடக் கூடாதென்று அரை மணிக்கு ஒருமுறை, பத்து நிமிடம்தான் முழு வெளிச்சம் தருவார்கள். மகள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பத்து நிமிடத்துக்காகக் காத்து நிற்பேன். கருநீலத் தரை முழுக்கக் கொடியும் பூவும், நடுவில் மஞ்சள் பதக்கம். இவ்வளவும் பத்தே நிறங்களில்! அவுரியும் மாதுளைத் தோலும் மாதிரியான இயற்கைச் சாயங்கள்தான்.

ஊருக்கு வந்ததும் பூவை விட்டுவிட்டு அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டேன். பெரிய கேன்வாஸில் கட்டம் போட்டு, பத்து நிறம் மட்டும் குழைத்து வைத்தேன். நீலம் பாதியில் தீர்ந்தது. மறுபடி குழைத்தது ஒரு பொட்டு பச்சை தட்டியது. அப்படியே விட்டேன். நாடோடிகள் நெய்யும் கம்பளங்களில் ஒரு சாய நூல் தீர்ந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் இப்படித்தான் குறுக்கே ஒரு பட்டை விழும். அப்ராஷ் என்பார்கள். என் படத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அந்தப் பட்டைதான்.

அதை ஒரு குழுக் கண்காட்சிக்குக் கொடுத்தேன். "கைவினைப் பிரிவில் வைத்துக்கொள்ளலாமே" என்றார்கள். பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1910இல் மியூனிக் போய் இஸ்லாமியக் கலைக் கண்காட்சியைப் பார்த்தார். அடுத்த வருடம் தன் குடும்பத்தை வரைந்தபோது படத்தின் தரையையே கம்பளத்துக்குக் கொடுத்தார். அதை யாரும் கைவினைப் பிரிவில் வைக்கவில்லை. உடனே "நீ மத்தீஸா" என்று கேட்க வருவார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. அளவுகோல் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும் என்கிறேன், அவ்வளவுதான். ஒரு கம்பளத்தின் பதக்கத்தை அப்படியே கேன்வாஸில் ஏற்றிக் கையெழுத்துப் போட்டால் அது நகல்தான், அதிலும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

  

சரி, உங்கள் விஷயம். கம்பளத்தின் மூலைகளைப் பாருங்கள். பார்டர் திரும்பும்போது கிராமத்து நெசவாளர்கள் பல நேரம் பூவைப் பாதியில் வெட்டிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவார்கள். அங்கிருந்து வரையத் தொடங்குங்கள்.