‘ஃபைனைக் கட்டிட்டுப் போயிரலாம்’ என்று ஏட்டு சொல்கிறார், ஒப்புக்கொள்ளலாமா?

கேள்வி: எனக்கு 24 வயது, தென்காசி மாவட்டம். பைக் நிறுத்துவதில் பக்கத்து வீட்டுக்காரருக்கும் எங்களுக்கும் வாய்த்தகராறு வந்து கொஞ்சம் தள்ளுமுள்ளும் ஆகிவிட்டது. அவர் கொடுத்த புகாரில் என் மீதும் சித்தப்பா மகனான அண்ணன் மீதும் பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டம்) 296(பி), 115(2), 351(2) பிரிவுகளில் வழக்குப் போட்டு, ஸ்டேஷன் ஜாமீனில் விட்டார்கள். இப்போது சம்மன் வந்திருக்கிறது. கோர்ட் ஏட்டு, “ஒத்துக்கோங்க தம்பி, ஆளுக்கு ஆயிரமோ ரெண்டாயிரமோ கட்டிட்டு அன்னைக்கே போயிரலாம்” என்கிறார். அண்ணனுக்கு வெல்டிங் கடை இருக்கிறது, அலைய முடியாது என்று சம்மதித்துவிட்டான். நான் எஸ்.ஐ. தேர்வுக்கும் குரூப் 2-க்கும் படித்துக்கொண்டிருக்கிறேன். நானும் ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். குறைந்தபட்சம் முதல் வாய்தாவில் வேண்டாம்.

ஏட்டு உங்களை ஏமாற்றுகிறார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு அன்றைய பட்டியல் குறைய வேண்டும், அவ்வளவுதான். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் காலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். பெயர் கூப்பிடுவார்கள். ஆள் ஓடிப்போய் நிற்பார். “இன்ன தேதியில், இன்ன இடத்தில், இன்னாரைத் திட்டி அடித்ததாகக் குற்றச்சாட்டு. குற்றத்தை ஒத்துக்கிறீங்களா?” என்று கேட்பார்கள். அவர் நீதிபதியைப் பார்க்க மாட்டார், பக்கத்தில் நிற்கும் ஏட்டின் முகத்தைப் பார்ப்பார். ஏட்டு தலையசைப்பார். “ஒத்துக்கறேன்யா.” அடுத்த பெயர்.

அந்த ஒரு வார்த்தையோடு அவர் தண்டிக்கப்பட்டவர் ஆகிவிடுகிறார். அபராதமும் தண்டனைதான். பலர் அதை டிராஃபிக் அபராதம் மாதிரி நினைத்துக்கொண்டு ரசீதைக்கூட வாங்காமல் போய்விடுகிறார்கள். பின்னால் மனம் மாறினாலும் வழி குறுகல். குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர் தண்டனையின் அளவையோ சட்டப்படி அது செல்லுமா என்பதையோ மட்டும்தான் மேல்முறையீட்டில் கேட்க முடியும். ‘நான் செய்யவே இல்லை’ என்று கேட்க முடியாது. வழக்கு நடத்தும் முறையைச் சொல்லும் புதுச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-ன் 416-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது.

இதை ஒப்புக்கொள்ளும் கேஸ் என்று நான் நினைக்காததற்கு இன்னொரு காரணம், உங்கள் பிரிவுகள். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 294(பி), 323, 506(1) என்று ஊர் ஊராகப் போட்டுவந்த அதே மூன்றுதான், 2024 ஜூலை 1 முதல் புது எண்களில் வருகின்றன. சாதாரணக் காயம் ஏற்படுத்தியதற்கு 115(2), ஓராண்டு வரை. மிரட்டலுக்கு 351(2), இரண்டாண்டு வரை. பொது இடத்தில் ஆபாசமாகப் பேசியதற்கு 296(பி), மூன்று மாதம் வரை. இந்த மூன்றில் மிகக் குறைந்த தண்டனை கடைசி பிரிவுக்குத்தான். ஆனால் சட்டத்தின் அட்டவணைப்படி, நடுவரின் (மாஜிஸ்திரேட்டின்) உத்தரவு இல்லாமல் போலீஸ் நேராக எஃப்.ஐ.ஆர். போடக்கூடியதும் அது ஒன்றுதான். அது வழக்கில் இருந்தால் மற்ற இரண்டும் அதோடு சேர்ந்துவிடும். தெருச்சண்டை எஃப்.ஐ.ஆர். எதை எடுத்தாலும் ‘ஆபாசமாகத் திட்டினார்’ என்ற வரி தவறாமல் இருக்கும் ரகசியம் இதுதான்.

அந்த வரியை நிரூபிப்பது அவ்வளவு சுலபமில்லை. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2022-ல் உச்ச நீதிமன்றம், வெறுமனே திட்டியதும் அவமானப்படுத்தியதும் மட்டும் 294(பி) ஆகாது என்றது. பேசியது ஆபாசம் என்ற அளவுக்கு இருக்க வேண்டும், அதனால் மற்றவர்களுக்குத் தொந்தரவு ஏற்பட்டதும் தெரிய வேண்டும். உங்கள் குற்றப்பத்திரிகையில் என்ன வார்த்தை சொன்னதாக எழுதியிருக்கிறது, அக்கம்பக்கத்தில் யாராவது சாட்சி சொல்லியிருக்கிறார்களா, காயத்துக்கு மருத்துவமனைக் குறிப்பு இருக்கிறதா? இதையெல்லாம் படித்துப் பார்க்காமல் ‘ஒத்துக்கறேன்’ என்பது விலை கேட்காமல் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது மாதிரி.

அதனால் சம்மன் தேதியில் போய் நில்லுங்கள், “நகல் வேணும்யா, வக்கீல் வெச்சுக்கறேன்” என்று சொல்லுங்கள். நகல்களை இலவசமாகத் தர வேண்டும். நீங்கள் ஆஜரான நாளிலிருந்து 14 நாளுக்குள் தர வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 230 கெடு வைத்திருக்கிறது. வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் அதே கோர்ட் வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும், அங்கே மனு கொடுங்கள். நகலைப் படித்துப் பார்த்து விஷயமே இல்லை என்று தெரிந்தால், பி.என்.எஸ்.எஸ். 274-ல் ஒரு நல்ல வரி சேர்த்திருக்கிறார்கள்: குற்றச்சாட்டுக்கு அடிப்படையே இல்லை என்று நடுவர் கருதினால், காரணத்தை எழுதி வைத்துவிட்டு அந்தக் கட்டத்திலேயே விடுவிக்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 251-ல் இது கிடையாது. இதைக் கேட்டு வாதாடச் சொல்லுங்கள்.

அடுத்தது சமரசம். பக்கத்து வீட்டுக்காரர் இறங்கி வந்தால் 115(2)-ஐயும் 351(2)-ஐயும் அவரே கோர்ட்டில் சமரசம் செய்து முடிக்கலாம், அது விடுதலைக்குச் சமம். 296(பி) சமரசப் பட்டியலில் இல்லை. அதற்கு மதுரைக் கிளையில் பி.என்.எஸ்.எஸ். 528-ன் கீழ் ரத்து மனு போட வேண்டியிருக்கும். செலவுதான், ஆனால் இப்படிப்பட்ட அண்டை வீட்டுச் சண்டைகளை இரு தரப்பும் ஒத்துப்போன பிறகு உயர் நீதிமன்றம் ரத்து செய்வது வழக்கமாக நடப்பதுதான்.

இங்கே உங்கள் எஸ்.ஐ. கனவு குறுக்கே வருகிறது. குரூப் 2-க்கும் போலீஸ் வேலைக்கும் அளவுகோல் ஒன்றில்லை. சந்தேகத்தின் பலனால் விடுவிக்கப்பட்டவரையும், புகார்தாரர் பிறழ்சாட்சி ஆனதால் (கோர்ட்டில் பேச்சை மாற்றியதால்) விடுவிக்கப்பட்டவரையும்கூட வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற விளக்கம் தமிழ்நாடு போலீஸ் பணி விதிகளில் வந்தது. 2008-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு அது செல்லும் என்றது. ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் கூண்டில் ஏறி ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்று சொல்லி நீங்கள் வெளியே வருவது குரூப் 2-க்குப் பரவாயில்லை, எஸ்.ஐ. வேலைக்கு உதவாமல் போகலாம். உண்மையிலேயே எஸ்.ஐ.தான் இலக்கு என்றால் வழக்கை நடத்தி, சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்து, குற்றம் நடக்கவே இல்லை என்று தீர்ப்பு வாங்குவதுதான் உறுதியான பாதை. எத்தனை வாய்தா ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. இதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது. ஆயிரம் ரூபாய் அபராதத்துக்குரிய விஷயத்துக்காக ஒருவர் வேலையை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்து, நாள் முழுக்க வராந்தாவில் நின்று, சாயங்காலம் அடுத்த தேதியை வாங்கிக்கொண்டு போவது நியாயமே இல்லை. அண்ணனைப் போன்றவர்கள் செய்யாததையும் ஒப்புக்கொள்வது இந்த அலைச்சலுக்குப் பயந்துதான்.

அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். சொந்தத் தொழில், அரசு வேலை எண்ணம் இல்லை, முன் தண்டனையும் இல்லை என்றால் அவர் ஒப்புக்கொள்வதை நான் பெரிய தவறென்று சொல்ல மாட்டேன். அவர் ஒப்புக்கொண்டால் வழக்கைப் பிரித்து அவரை மட்டும் முடித்துவிடலாம். அவர் சொன்ன ‘ஒத்துக்கறேன்’ உங்களுக்கு எதிரான சாட்சியம் ஆகாது. ஆனால் ஒன்று: அபராதம் விதிப்பதற்கு முன்பே, 1958-ம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் 3-வது பிரிவில் எச்சரித்து விடும்படி வக்கீல் கேட்க வேண்டும். இரண்டாண்டுக்கு மேல் தண்டனை இல்லாத குற்றம், முதல் தடவை என்பதால் அவர் வழக்கு அதில் பொருந்தும். அப்படி விடப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு ஒட்டாது என்கிறது 12-வது பிரிவு. தீர்ப்பு அழிந்துவிடாது, கேட்டால் சொல்லத்தான் வேண்டும். இருந்தாலும் வெறும் அபராதத்தைவிட எவ்வளவோ மேல். யாரும் கேட்காததால் இந்தப் பிரிவு பல கோர்ட்டுகளில் தூங்கிக்கொண்டிருக்கிறது.

வழக்கு எப்படி முடிந்தாலும், விண்ணப்பத்திலோ சரிபார்ப்புப் படிவத்திலோ ‘உங்கள் மீது குற்ற வழக்கு உண்டா’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதிவிடாதீர்கள். விடுதலை ஆன பிறகும் ‘நிலுவையில் இருந்ததா’ என்று கேட்டால் இருந்தது என்றுதான் எழுத வேண்டும். 2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு வரிசையே சொல்லிவைத்தது. அற்ப வழக்கு என்றால், மறைத்திருந்தாலும் நிர்வாகம் நினைத்தால் மன்னிக்கலாம். ஆனால் ‘நினைத்தால்’ என்பதுதான் ஆபத்து. உண்மையைச் சொன்னவரையும் நிர்வாகம் பரிசீலித்துத்தான் எடுக்கும் என்றாலும், மறைத்தவரை விலக்குவதற்கு மறைத்தது ஒன்றே போதும். வழக்கு எண், பிரிவுகள், தேதிகள், தீர்ப்பின் சான்றிட்ட நகல் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும்.

கடைசியாக வாய்தா. தேர்வும் வாய்தாவும் ஒரே நாளில் வந்தால் பேசாமல் இருந்துவிடாதீர்கள். ஆஜராவதிலிருந்து விலக்குக் கேட்டு வக்கீல் மனுப் போடுவார். வக்கீல்கள் இன்னமும் ‘317 பெட்டிஷன்’ என்பார்கள், இப்போது எண் 355. மனுவும் இல்லை ஆளும் இல்லை என்றால் பிடியாணை பிறக்கும், பிறகு நீங்களே நேரில் போய் வாரண்டைத் திரும்பப் பெறச் சொல்லி மனு கொடுக்க வேண்டும். சம்மன் வந்த நாளே வழக்கின் அடையாள எண்ணான 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைக் குறித்து இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டு வையுங்கள். தேதி மாறினால் ஏட்டிடம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.