கறுப்பு, செவலைக் கோழிக்குஞ்சுதான் சீக்கிரம் எடை ஏறுமா? கொட்டகைக்குக் கம்பிவலைத் தரை நல்லதா, உமி நல்லதா? என்று கேட்டிருக்கிறீர்கள்.

குஞ்சு வியாபாரி யாரோ "வெள்ளைய எடுக்காதீங்க, வளராது" என்று உங்களைக் குழப்பிவிட்டிருக்கிறார். எடையைத் தீர்மானிப்பது இனமும் தீனியும்தான். வெள்ளை இறகுப் பிராய்லர் 6 வாரத்துக்குள் 2 கிலோ தாண்டிவிடும். நம் சிறுவிடை நாட்டுக்கோழி எந்த நிறமானாலும் ஒரு கிலோவைத் தொடவே மாதக்கணக்காகும்.

நிறம் விளையாடுவது வேறு இடத்தில்: யார் கொத்து வாங்குவது என்பதில்.

எங்கள் கொட்டகையில் பாதி உமி, பாதி கம்பிவலை. எச்சம் கீழே விழுந்துவிடும், ரத்தக்கழிச்சல் குறையும் என்று மாமனார் போட்ட வலை. அதுவரை சரிதான். ஆனால் நாளெல்லாம் கிளறிப் பொறுக்குகிற பிறவிக்கு வலைமேல் கிளற என்ன இருக்கிறது? பக்கத்துக் கோழியின் இறகைத்தான் பொறுக்கும். வாலடியில் தொடங்கும். முளைக்கிற இறகுக் குருத்தில் ரத்தம் ஓடும்; ஒன்று பிடுங்கிச் சிவப்புத் தெரிந்தால் கூட்டமே அங்கே கூடிவிடும். வலைப்பக்கம் கறுப்பும் கீரி நிறமும் வால் சொட்டையாகி நின்றன, வெள்ளைகள் முழு இறகோடு திரிந்தன. உமிப்பக்கம் எந்த நிறத்துக்கும் சேதமில்லை. கொத்து வாங்கியவை மூலையில் ஒதுங்கித் தீனித்தொட்டிக்கே வரவில்லை, எடை எங்கே கட்டும்?

"ஒரு கொட்டகையை வைத்துச் சட்டம் பேசாதே" என்று வருவீர்கள், தெரியும். 2004-ல் 'நேச்சர்' இதழில் சுவீடன் ஆய்வு ஒன்று வந்தது. சிவப்புக் காட்டுக்கோழியையும் வெள்ளை லெகார்ன் முட்டைக்கோழியையும் கலந்து எடுத்த கோழிகளில் நிறமுள்ளவையே அதிகம் கொத்து வாங்கின. எல்லா இனத்துக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை.

உமியே போடுங்கள், கடலைப் பொட்டும் ஆகும். ஒரு பிடி அள்ளி இறுக்கிக் கையை விரித்தால் உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். கண் எரிகிற நெடி வரும், பாதம் புண்ணாகும். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றித்தான் முதலில் நனையும், அங்கே தினமும் கிளறிவிடுங்கள்.

இவ்வளவும் பார்த்து வளர்த்து என்ன மரியாதை கிடைக்கிறது? தம்பிக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில், கோழிப்பண்ணை என்றதும் "பையன் வேற வேலைக்கு எதுவும் முயற்சி பண்ணலீங்களா?" என்றார்கள். அதே வீட்டிலிருந்து போன வாரம் போன், நல்ல நாட்டுக்கோழியாக ரெண்டு வேண்டுமாம். சந்தை விலையில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை.